புள்ளி வைத்த சீட்டு

பாளையங்கோட்டை காரணகத்தில் அன்று காலை வரிசையில் முதலில் நின்றவர், சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில் பாயசம் வருமுன்னே தான் ஏன் எழுந்து போனோம் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். கூடவே சித்தப்பாவும் வந்திருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சீட்டு வந்த பிறகு பேசலாம் என்று ஏற்பாடு.

அங்கே வேலை பார்க்கும் வடிவு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றிப்பட்டையைக் கட்டி, அந்தப் பந்தியை மனத்தில் கொண்டுவரச் சொன்னாள். பக்கத்து இலையில் இருந்தது யார், கடைசியாக வாயில் வைத்தது எது, எழுந்தபோது எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏன்மானி மெல்ல முனகத் தொடங்கியது. ஒரு நினைவைத் தட்டி எழுப்பினால் மூளைக்குள் அதோடு சேர்ந்த மற்ற நினைவுகளும் பொறி பொறியாகக் கண்விழிக்கும். எந்தப் பொறி எதைக் கொளுத்தியது என்று பின்னோக்கிப் போய், முதல் பொறியைப் பிடித்து, அதற்கு ஒரு பெயர் வைப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. நான்கு நிமிடம் பிடிக்கும். பிறகு உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு வெளியே வரும்.

'முன்வரிசையில் அமர்த்தப்படாத மனத்தாங்கல்' என்று வந்தது. சித்தப்பா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன் என்றார். மகன் முறையுள்ளவர் கொஞ்சம் யோசித்தார். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டார். வரும்போது அவர் முகத்தில் குழப்பம் மட்டும் இருந்தது. போகும்போது மனத்தாங்கலும் இருந்தது.

அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. துக்க வீட்டில் பிணத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் என்று தெரியாமல் ஒரு மாதமாகத் தூக்கமில்லை. அதற்கடுத்து, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய் மூன்று முறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ஒருவர். அவருக்குப் பின்னால் வெயிலில் நாற்பது பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு 'ஏன்' இருந்தது.

ஏன்மானி வந்த புதிதில் மற்ற நாட்டுக்காரர்கள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். நாம் அதைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனோம். நமக்குக் கொலையும் கொள்ளையும் பெரிதல்ல. ஏன் நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை, ஏன் நேரில் வந்து அழைக்காமல் போனில் சொன்னான், வாசல்படி ஏறியவளை ஏன் 'வா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, இவைதான் நம் ஊரில் மூன்று தலைமுறை பேசாமல் இருப்பதற்கான குற்றங்கள். மன நிர்வாகத் துறை என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி, வட்டத்துக்கு ஒரு காரணகம் திறந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாயை மூடவும் ஒரு கருவி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதின்மூன்று வருஷத்தில் நடந்தது என்னவென்றால், 'தெரியவில்லை' என்ற பதில் செல்லாமல் போயிற்று. முன்பெல்லாம் கணவன் சிடுசிடுத்தால் மனைவி ஏன் என்று கேட்பாள், அவன் தெரியவில்லை என்பான், இருவரும் காப்பி குடிப்பார்கள். இப்போது தெரியவில்லை என்று சொல்கிறவன் எதையோ மறைக்கிறவன். போய்ச் சீட்டு எடுத்து வா என்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு சீட்டுகளையும் கேட்டார்கள். எடுத்த சீட்டு பதிவில் நிற்கும், அழிக்க முடியாது.

வடிவுக்கு நாற்பத்து மூன்று வயது. இந்த வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம். வேலைக்கு வந்த அடுத்த வருஷமே அவள் தன் தம்பியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

தம்பி பெயர் குற்றாலம். அம்மா இறந்தபோது அவனுக்கு ஏழு வயது, வடிவுக்குப் பன்னிரண்டு. அப்பா வேலை வேலை என்று ஊர் ஊராகப் போகிறவர். சோறு ஊட்டியதும், பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவி விட்டதும், பேன் பார்த்ததும் அவள்தான். பிறகு அவன் சங்கரன்கோவிலில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தான். வடிவுக்குக் கல்யாணமாகி, பூரணி பிறந்து, ஒரு வயதில் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். கம்மலையும் அவன்தான் கொண்டு வரவேண்டும். அம்மாவின் பழைய கம்மலை உருக்கிக் குழந்தைக்குச் சின்னதாகச் செய்து வைத்திருந்தான்.

அன்று அவன் வரவில்லை. பத்தரை மணி வரை பார்த்தார்கள். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் வடிவின் கணவர் ஆவுடையப்பன் தன் ஒன்றுவிட்ட மைத்துனன் ஒருவனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக் குத்தச் சொன்னார். குழந்தை வீறிட்டு அழுதது. வந்திருந்த பெண்கள் வடிவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை.

சாயங்காலம் அவன் வந்தான். பேருந்தில் வந்துகொண்டிருந்தவன் வழியில் மானூரில் இறங்கிவிட்டிருக்கிறான். குளத்தங்கரையில் சீர்ப் பையோடு நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறான். ஏன் இறங்கினாய் என்று கேட்டதற்கு, தெரியலக்கா என்றான். தேவர்குளம் தாண்டியபோது கம்மல் டப்பாவைத் திறந்து ஒரு தடவை பார்த்தானாம், மானூரில் குளம் தெரிந்ததாம், இறங்க வேண்டும் போல இருந்ததாம். இதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சபையில் தலை குனிந்தவளுக்கு இது ஒரு பதிலா?

மறுநாளே காரணகத்துக்குக் கூட்டிவந்தாள். நெற்றிப்பட்டையைத் தன் கையாலேயே கட்டினாள். 'உடன்பிறந்தாள் வாழ்வின் மீது பொறாமை' என்று சீட்டு வந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அதன் பிறகு பதினோரு வருஷமாக அவன் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. அவனுக்கு ஒரு பெண் முடிவாகி, சீட்டைக் கேட்டவர்கள் அதைப் படித்துவிட்டுப் பின்வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூடப் பிறந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அவளுக்கும் தோன்றியது.

இந்த வைகாசியில்தான் அந்த எண்ணம் உடைந்தது.

காரணகத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பீர்முகம்மது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலப்பாளையத்திலிருந்து வருவார். ஐம்பது தாண்டியவர். அன்று ஏன்மானி நடுவில் நின்றுவிட்டது. அவர் அதன் உட்பதிவைத் திறந்து திரையில் ஓடவிட்டிருந்தார். காப்பி கொண்டுபோன வடிவின் கண்ணில், காலையில் அவள் கொடுத்த பந்திச் சீட்டின் எண் பட்டது. அதற்கு நேராக 'முதற்பொறி: கிட்டவில்லை' என்று இருந்தது. அடுத்த கட்டத்தில் 'நிரப்பு: முன்வரிசை, மனத்தாங்கல்' என்று இருந்தது.

அவர் முதலில் மழுப்பப் பார்த்தார். வடிவு விடவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். மனிதன் செய்கிற பெரும்பாலான காரியங்களுக்கு ஒரு முதற்பொறி என்று கிடையாது. வெயில், பசி, பக்கத்தில் இருந்தவனின் எண்ணெய் வாசனை, என்றோ கேட்ட ஒரு குரல் என்று ஆயிரம் துளி சேர்ந்து ஒரு கை நீளும், ஒரு கால் எழும். ஏன்மானி பின்னோக்கிப் போய்ப் போய், மணலில் தண்ணீர் இறங்குவது மாதிரி எங்கோ காணாமல் போய்விடும். வெள்ளோட்டம் விட்ட ஊரில், முதல் மாதம், அப்படிப்பட்டவர்களுக்கு 'கிட்டவில்லை' என்றே சீட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாமியார் கண்ணாடியை உடைத்தாள். ஒரு கணவன் வெற்றுச் சீட்டோடு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகுதான் நிரப்பு வந்தது. கிட்டாத இடத்தில், ஆளின் வயது, உறவு, நடந்த நிகழ்ச்சி மூன்றையும் பார்த்து, ஊரில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவதை எடுத்துப் போட்டுவிடும். பொறியாளர்களுக்கு அடையாளமாகச் சீட்டின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைக்கும்.

"நூத்துக்கு எத்தன அண்ணாச்சி இப்படி?" என்று கேட்டாள் வடிவு.

"எழுவத்திரெண்டு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மனிதன் மனசும் அப்படித்தானம்மா பண்ணுது என்றார். முன்னொரு காலத்தில் ஒரு சோதனை செய்தார்களாம். இரண்டு படங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். ஆள் ஒன்றைத் தொட்டதும், கண்கட்டு வித்தையாக மற்றதைக் கையில் கொடுத்து, இதை ஏன் பிடித்தது என்பார்கள். பெரும்பாலானவர்களுக்குப் படம் மாறியதே தெரியவில்லை. தாங்கள் தொடாத முகத்தைப் பார்த்து, இந்தச் சிரிப்பு பிடித்தது, இந்தக் காதணி பிடித்தது என்று கடகடவென்று காரணம் சொன்னார்கள். செய்தது வேறு யாரோ போலவும், காரணம் சொல்ல மட்டும் நமக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பது போலவும் இருக்கிறது. ஏன்மானி அந்த வக்கீலுக்குச் சம்பளம் கொடுத்துக் குமாஸ்தாவாக்கிவிட்டது, அவ்வளவுதான் என்றார்.

வெளியே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டாள் வடிவு. "சொன்னா யாரு நம்புவா? நம்புனாலும் நாளைக்கும் வரிசையில வந்து நிப்பாவ" என்றார்.

அவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கைகழுவப் போன நேரத்தில் வடிவு பழைய பதிவைத் தேடினாள். குற்றாலத்தின் எண் அவளுக்கு மனப்பாடம். முதற்பொறி கிட்டவில்லை. உறவு, தம்பி. நிகழ்ச்சி, காதுகுத்து. நிரப்பு, பொறாமை.

அன்றைக்கே சங்கரன்கோவிலுக்கு ஓடியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பையில் உடுப்புக்கூட எடுத்து வைத்தாள். ஆனால் போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று வைகாசி போய் ஆனி வந்தது, ஆனி போய் ஆடி வந்தது.

வேலைக்கு மட்டும் தவறாமல் போனாள். இப்போது ஒவ்வொரு சீட்டிலும் அவள் கண் முதலில் வலது மூலைக்குத்தான் போயிற்று. ஒரு நாள் ஒரு பெண் தன் கணவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம், சில மாதமாக அவர் சாப்பிடும்போது தன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஏன் என்று தெரிய வேண்டும் என்றாள். 'மனைவி மீது சலிப்பு' என்று சீட்டு வந்தது. மூலையில் புள்ளி இருந்தது. வடிவு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை சலசலத்தது. கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் அழவில்லை. படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கணவன் முதல் முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான், சலித்துப்போன ஒன்றைப் பார்ப்பது போலவே பார்த்தான். வடிவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆவணி இரண்டாம் தேதி பூரணி பெரியவளானாள். பதினாறாம் நாள் சடங்கு என்று நாள் குறித்தார்கள். விஷயம் தெரிந்து வந்த நாத்தனார் உள்ளே வந்து உட்காரும் முன்பே, "மாமன்காரன் வருவானா?" என்று கேட்டாள். தாய்மாமன் முதல் மாலை போடாமல் சடங்கு இல்லை. பூரணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து மாமாவைப் பார்த்ததே இல்லை. எட்டாம் நாள் வடிவு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சீட்டு எடுக்கக் கொண்டுபோகும் கைமானியை அலுவலகத்திலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சங்கரன்கோவில் பேருந்தில் ஏறினாள். தம்பிக்கு விளங்கவைக்க அது உதவும் என்று நினைத்தாள்.

நண்பகல் நேரம். குற்றாலம் கடையில் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். முன்வழுக்கை விழுந்திருந்தது. காதோரம் நரை. முப்பத்தெட்டு வயதுக்கு அது அதிகம். அவளைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு எழுந்தான்.

"வாக்கா" என்றான்.

அந்த ஒரு சொல் போதும், வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். எதிர்க்கடையில் டீ சொன்னான். பூரணியைப் பற்றிக் கேட்டான். அவள் சடங்கைச் சொல்லவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று, பீர்முகம்மது சொன்னது அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னாள். சீட்டு பொய், எந்திரத்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, அதுவாக எடுத்துப் போட்டது, மூலையில் புள்ளி இருக்கும் பார் என்றாள்.

அவன் எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்தான். மடிப்பில் கிழிந்து பசை நாடா ஒட்டியிருந்தது. புள்ளி இருந்தது.

"இத நானும் பாத்திருக்கேன். மை சிந்தியிருக்குன்னு நெனச்சேன்" என்றான்.

அவன் அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அழுதுகொண்டே எழுந்து அவளோடு வந்துவிடுவான் என்று பேருந்தில் வரும்போது நினைத்திருந்தாள். அவன் டீ ஆறும்வரை சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு எனக்குப் பொறாமையெல்லாம் இல்லக்கா" என்றான். "சீட்டு சொல்லுதேன்னு உள்ள தேடிப் பாத்தேன். நீ புருசனோட வண்டியில போறது, புள்ளையத் தூக்கி வச்சிருக்கது, ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். குத்துச்சு. அப்பம் இதான் போலன்னு இருந்துட்டேன். இப்பம் நெசமாவே இருக்கு. பொய்னு நீ சொன்ன ஒடனே எங்க போகும் அது?"

வடிவு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். செம்புக் கம்பி அறுத்த தழும்புகள் விரல் முழுக்க இருந்தன. தன்னால்தான் இது எல்லாம் என்றாள், அன்றைக்கு நீ தெரியாது என்று சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும் என்றாள். அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. அப்போதுதான் பூரணி பெரியவளான செய்தியைச் சொன்னாள்.

அவன் கை மெதுவாக விலகியது.

"எந்திரத்து விசயம் உனக்கு எப்பம் தெரியும்?"

"வைகாசில."

"இது ஆவணி."

"ஆமா."

"மூணு மாசம் ஏன்க்கா வரல?"

வடிவு வாயைத் திறந்தாள். காரணகத்தில் ஆள் பற்றாக்குறை, பூரணிக்குப் பரீட்சை, ஆவுடையப்பனுக்கு முதுகுவலி, உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற கூச்சம். ஒவ்வொன்றும் நாக்கு நுனிவரை வந்து, நான் வரட்டுமா என்று கேட்டன. பன்னிரண்டு வருஷ வேலையில் இந்த முகங்களை எல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எல்லாமே நிரப்பு.

"தெரியலலே" என்றாள்.

"நானும் அதத்தான்க்கா சொன்னேன்" என்றான் அவன்.

அவன் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் போதும். காரணம் தெரியாத இரண்டு பேர் ஒரு கடையில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு ஒன்றாகப் பேருந்து ஏறியிருப்பார்கள். ஆனால் அவளால் அதைத் தாங்க முடியவில்லை. பாசம்தான் தன்னை இங்கே கொண்டுவந்தது என்று அவனுக்கு எழுத்தில் காட்டிவிட வேண்டும் போல இருந்தது. நூற்றுக்கு எழுபத்திரண்டு பொய் என்று தெரிந்தவள், மீதி இருபத்தெட்டில் தன்னுடையது இருக்கும் என்று நம்பினாள். பையைத் திறந்து கைமானியை எடுத்தாள். பட்டையைத் தன் நெற்றியில் தானே கட்டிக்கொண்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

நான்கு நிமிடம் கைமானி முனகியது. எதிர்க்கடை டீக்காரர் வந்து கிளாசை எடுத்துக்கொண்டு போனார்.

'சபையில் மாமன் இடம் வெறுமையாக இருக்கும் அவமானம்' என்று சீட்டு வந்தது.

அவள் படித்தாள். படிக்கும்போதே நாத்தனார் உட்காரும் முன்பே கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் சாஸ்தா கோயிலில் பெண்கள் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. பேருந்தில் வரும்போது தம்பி முகத்தை நினைத்தோமா, சடங்கு மேடையில் காலியாக இருக்கும் பலகையை நினைத்தோமா என்று யோசித்தாள். பலகைதான் கண்ணுக்குத் தெரிந்தது. தம்பி முகம் எவ்வளவு முயன்றும் வரவில்லை. பிறகுதான் மூலையைப் பார்த்தாள்.

"புள்ளி இருக்குலே. பாரு. இது பொய்" என்று அவனிடம் நீட்டினாள்.

அவன் சீட்டை வாங்கவில்லை.

"புள்ளி இருக்கும்க்கா. நான் சீட்டப் பாக்கல. வாசிக்கையில உன் மொகத்தப் பாத்தேன்."

அவள் அழுதாள். அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பாதியில் விட்ட கம்பியைச் சுற்றத் தொடங்கினான்.

"பதினாறாம் நாளு வாரேன். மொறை செய்யணும்லா. சபையில உனக்கு ஒரு கொறையும் வராது" என்றான்.

சொன்னபடியே வந்தான். விடிந்து எட்டு மணிக்கெல்லாம் ஏழு தாம்பாளத்தோடு மண்டப வாசலில் நின்றான். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. தட்டுகளைத் தூக்க நான்கு பெண்களை ஏற்பாடு செய்து கூட்டி வந்திருந்தான். பட்டுப் பாவாடை, பூ, பழம், நடுத்தட்டில் ஒரு சின்ன டப்பா. அதில் பதினோரு வருஷத்துக்கு முன் போட வேண்டிய கம்மல் இருந்தது. பன்னிரண்டு வயதுக் காதுக்கு அது சிறியது. இருந்தாலும் முறைக்கு வைத்தான். பூரணி கழுத்தில் முதல் மாலையைப் போட்டான். நெற்றியில் சந்தனம் வைத்தான். நாத்தனார் பக்கத்திலிருந்தவளிடம், மாமன் சீர் குறைவில்லை என்றாள். வந்திருந்த பெண்கள் வடிவைப் பார்த்தார்கள், நிறைவாகப் பார்த்தார்கள்.

பந்தியில் முதல் வரிசையில் முதல் இலை மாமனுக்குப் போட்டார்கள். சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நெய்யும் விட்டாயிற்று. ஆவுடையப்பன் அவனைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனபோது அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. கை நனைக்காமலே தெருவில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

மண்டபத்தில் பேச்சு அடங்கியது. தாய்மாமன் கை நனைக்காமல் போவது சின்ன விஷயம் இல்லை. நெய் உருகிக்கொண்டிருந்த அந்த இலையை எல்லோரும் பார்த்தார்கள், பிறகு வடிவைப் பார்த்தார்கள். பூரணி மாலையோடு எழுந்து வந்து அம்மாவின் சேலையைப் பிடித்தாள்.

"யம்மா, மாமா ஏன் சாப்பிடாமப் போறாவ?"

தெரியலட்டி என்று சொல்லத்தான் வடிவு வாயைத் திறந்தாள். அதுதான் உண்மை என்று அந்த மண்டபத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் நாத்தனார் காத்திருந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். தெரியாது என்றால், போய் உன் சீட்டை எடுத்து வா என்பார்கள். அவளுக்கு மனப்பாடமாக இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது.

"அவனுக்கு அப்பம் இருந்தே பொறாமைட்டி" என்றாள்.

நாத்தனார் தலையை ஆட்டினாள். நீட்டிய கழுத்துகள் உள்ளே போயின. மண்டபத்தில் பேச்சு மறுபடி எழுந்தது. யாரோ அந்த இலையில் இன்னொருவரை உட்காரச் சொன்னார்கள்.

பூரணி வாசலை ஒருமுறை பார்த்தாள். மாமா வைத்த சந்தனம் நெற்றியில் காய்ந்து அரித்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.